வைக்காமல் விட்ட பெயர்

கால் இடித்தால் காலைப் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு, இடித்த இரும்புக் குண்டைத் தூக்கிப் பார்த்து, இது யாருடையது, இதை எறிந்த பிள்ளைக்கு நான் என்ன பெயர் வைத்தேன் என்று கேட்டுக்கொண்டு என் வாசலில் நிற்கிறாயே, முந்தல் ஊரில் உன் உம்மா உனக்கு வேறு வேலை பழக்கவில்லையா? அடுத்த வீட்டுக்கு மருமகளாக வந்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. அதற்குள் தெருவில் உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள், அந்த மனுசியிடம் ஒரு பெயர் இருக்கிறது, எங்களுக்குச் சொல்லமாட்டாள், நீ புதுசு, கேட்டுப் பார் என்று. நானும் எத்தனையோ பேரை இப்படி ஏவிவிட்டவள்தான். ஏவிவிட்ட முகம் எனக்குத் தெரியும். உட்கார். அந்தக் கதிரை ஆடும், ஆனால் விழாது. கதையைச் சொல்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன்.

கச்சான் காற்று தொடங்கினால் எங்கள் பள்ளிவாசல்துறையில் எந்தக் கதவும் சும்மா நிற்காது. அடிக்கிற அடியில் நிலையே கழன்று வந்துவிடும். அதனால்தான் அந்தக் குண்டு கதவுக்கு முட்டாக அங்கே கிடக்கிறது. ஒரு காலத்தில் கறுப்பாக வழவழவென்று இருந்தது. இப்போது அம்மை போட்டவன் முகம் மாதிரிச் சிவப்புக் குழிகள். அந்தக் குழிகள் என் வேலை. அதற்கும் வருகிறேன்.

எங்கள் ஆட்களுக்குப் பெயர் இரண்டு. முதலாவது ஏழாம் நாள் முடி இறக்கி வைப்பது. அது பள்ளிக்கூட வரவு இடாப்பிலும் அடையாள அட்டையிலும் பத்திரமாகக் கிடக்கும். இரண்டாவதை ஊர் வைக்கும்; தெருவில் நடமாடுவது அதுதான். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் விரட்டப்பட்டு மன்னாரை விட்டு வள்ளத்தில் ஏறி வந்தபோது அலுமாரியை விட்டோம், ஆட்டை விட்டோம், கதவைப் பூட்டிய திறப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டோம். பட்டப்பெயர்களை மட்டும் ஒன்று விடாமல் கொண்டுவந்தோம், அவற்றுக்கு எடை இல்லை. கற்பிட்டிப் பக்கம் கிடுகுக் கொட்டிலில் அகதியாக இருந்த நாளில், ஒரே வரிசையில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் யாரை எப்படிக் கூப்பிடுவது? அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் ஒருவர் தூரத்தில் நடந்து வரும்போதே எங்கே சறுக்குகிறார் என்று என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கல்யாண வீட்டில் சோறு முடிகிற நேரம் பார்த்துச் சரியாக வந்து சேரும் ஒருவருக்கு 'அடிச்சட்டி' என்று வைத்தேன். அவர் மௌத்தாகிப் பல வருடம். பேரப்பிள்ளைகள் பட்டதாரிகள். இன்றைக்கும் அந்த வீட்டுக்கு வழி கேட்டால் 'அடிச்சட்டி வீடா' என்றுதான் கேட்பார்கள். நான் ஒரு பெயர் வைத்தால் மூன்று தலைமுறைக்குக் கழுவினாலும் போகாது என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

என் பேத்தி இந்த வாயோடுதான் வளர்ந்தாள். அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது என் மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மருமகன் உச்சமுனைப் பக்கம் வாடியில் தங்கி மீன் பிடித்துவிட்டு வாரத்துக்கு ஒரு தரம் வருவார். மிச்ச நாளெல்லாம் அவளும் நானும்தான். மகள் வேலை செய்யும் வீட்டில் பிள்ளைகள் பின்னேரமானால் ஆளுக்கொரு விளையாட்டு, ஆளுக்கொரு வாத்தியம் என்று போவார்களாம். அதைப் பார்த்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை தோறும் போனில் அவளுக்கு ஒரே கதை: என் பிள்ளையும் எதிலாவது சேர வேண்டும், சேர்ந்தால் விடாமல் போக வேண்டும்.

சேர்ந்தாள். முதலில் வலைப்பந்து. நானும் ஒரு நாள் பார்க்கப் போனேன். பிள்ளை உயரம், நடுவில் நின்று பந்து போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே தவிர, பந்து ஒரு தரம்கூடக் கையில் படவில்லை. அன்று பின்னேரம் தெருவில் பெண்கள் கூடியிருந்தபோது நான் எழுந்து நின்று அதே மாதிரிச் சுற்றிக் காட்டி, கப்பலுக்கு விளக்குச் சுற்றுகிற 'வெளிச்சவீடு' என்றேன். சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. பேத்தியும் சிரித்தாள். அதைத்தான் நான் பார்த்தேன், அவளும் சிரித்தாள் என்று. மறு வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். அதற்கடுத்த வாரம் வலைப்பந்துக்கு வாங்கிய வெள்ளைச் சப்பாத்து மூலைக்குப் போய்விட்டது. பிறகு பாண்ட் வாத்தியத்தில் சேர்ந்தாள். கையில் இரண்டு பித்தளைத் தட்டு. எல்லோரும் முடித்த பிறகு இவளுடைய தட்டு ஒரு தரம் தனியாக அடிக்கும். மின்னி முடிந்த பிறகு வருகிற இடி என்றேன், 'பிந்தின இடி'. அதுவும் போனது. பேச்சுப் போட்டியில் மேடையேறி மூன்று தரம் 'கண்ணியத்துக்குரிய தலைவர் அவர்களே' என்று கூப்பிட்டுவிட்டு, மிச்சம் மறந்து இறங்கி வந்தாள். அதற்கு என்ன பெயர் வைத்திருப்பேன் என்று உனக்கே தெரியும். 'மூண்டு தலைவர்'.

ஒன்றிலும் நிலைக்காத பிள்ளை என்று மகளுக்குப் போனில் சொன்னது நான்தான். பள்ளிக்கூட அறிக்கையிலும் ஈடுபாடு போதாது என்று எழுதி வந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு நாள் அவள் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்து, பாதியில் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். ஏன் புள்ள என்றேன். "நான் எதையும் பாதியில விடுறவதானே உம்மும்மா" என்றாள். என்னைப் போலவே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, என்னைப் போலவே இலேசாகச் சொன்னாள். பதின்மூன்று வயதில் தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டுவிட்டாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. நல்ல பகிடி என்று சிரித்தேன்.

அந்த வருடம்தான் குண்டு வந்தது. உடப்பிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் விளையாட்டு டீச்சர் ஒருத்தர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, குண்டு எறிகிற போட்டிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டாராம். எல்லோரும் தூக்கிப் பார்த்துவிட்டு ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க ஓடியிருக்கிறார்கள். இவள் மட்டும் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இது மட்டும் எதற்கு என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். இதில் யாருடைய பந்தையும் பிடிக்கத் தேவையில்லை, யாருடைய தாளத்துக்கும் பிந்தத் தேவையில்லை, ஒன்றையும் பாடமாக்கத் தேவையில்லை, ஒரு வட்டமும் குண்டும் நானும்தான் என்றாள். விட்ட மூன்றிலிருந்தும் பொறுக்கி எடுத்துத்தான் நாலாவதைத் தெரிவு செய்திருக்கிறாள். பாதியில் விட்டதெல்லாம் வீணாகப் போகவில்லை என்று அதற்குப் பிறகு நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், என் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி.

விடுமுறை வந்தபோது டீச்சர் பழைய குண்டு ஒன்றை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார். புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வந்ததில் பையின் வார் அறுந்துவிட்டது. குண்டை அடுப்படிக் குசினித் தரையில் வைத்துவிட்டு, எனக்கும் குண்டுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"உம்மும்மா, இதுக்கு மட்டும் பேர் வைக்காதீங்க. வச்சீங்களெண்டா நாளைக்கே கொண்டு போய் டீச்சரிட்டக் குடுத்திருவன். பிறகு ஒண்டுலயும் சேர மாட்டன்."

"வாயக் கழட்டி வச்சிட்டு நான் சோறு தின்னுறது எப்பிடிப் புள்ள?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் பகிடிக்கு அவள் சிரிக்காதது அதுதான் முதல் தரம்.

வெள்ளிக்கிழமை மகள் போன் எடுத்தபோது இதைப் பெரிய முறைப்பாடாகச் சொன்னேன். உன் மகள் என் வாய்க்குப் பூட்டுப் போடுகிறாள் என்றேன். மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன். லைன் போய்விட்டதாக்கும் என்று இரண்டு தரம் ஹலோ சொன்னேன்.

"உம்மா, நண்டை மறந்திட்டீங்களா?" என்றாள்.

மறக்கவில்லை. மகள் பத்து வயதில், கொட்டிலில் இருந்த நாளில், அகதிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஓடுவாள். கெட்டிக்காரி. ஆனால் யார் பின்னால் வருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பக்கவாட்டில் ஓடுவாள். நான் 'நண்டு' என்று வைத்தேன். அந்தக் கொட்டில் வரிசையில் யாருக்கும் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை, எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்தேன். கல்யாணத்தன்று மருமகனை 'நண்டு மாப்பிள்ளை' என்றார்கள், அவரும் சிரித்தார். இத்தனை வருடமாக அவளும் அந்தப் பெயருக்கு 'ஓம்' என்று திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எப்போது ஓட்டத்தை விட்டாள் என்று நான் யோசித்ததே இல்லை. பிள்ளைகள் வளர்ந்தால் ஓடுவதை விட்டுவிடுவார்கள்தானே என்று இருந்துவிட்டேன்.

"எனக்கு ஓட்டம் விருப்பமா இருந்திச்சும்மா" என்றாள். பிறகு அங்கே மழையா என்று கேட்டாள். மழை இல்லை, காற்றுத்தான் என்றேன்.

போனை வைத்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன். பேத்தி ஒன்றிலும் நிலைக்காதவள் என்று ஊருக்கும் அவள் தாய்க்கும் சொன்னேனே, அவள் எதையும் தானாக விட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் நான்தான் சிரித்துச் சிரித்துக் கலைத்து விட்டிருக்கிறேன், முற்றத்துக் கோழியைக் கலைக்கிற மாதிரி. இதிலிருந்தும் கலைத்தால் அவள் தனக்கு வைத்த பெயர் அவளுக்கு நிலைத்துவிடும். மூன்று தலைமுறைக்குப் போகாத பெயர் எப்படி இருக்கும் என்று என்னை விட யாருக்குத் தெரியும்?

வாயைக் கட்டினேன். கை கேட்கவில்லை. மருமகன் கொண்டுவந்த மீனைக் கருவாட்டுக்காகப் பீப்பாவில் உப்புப் போட்டு அடுக்கியிருந்தேன். மேலே பாரம் வைக்கிற கல்லை யாரோ வேலிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சுற்றிப் பார்த்தால் குசினி மூலையில் அளவாக, உருண்டையாக, கனமாக ஒன்று சும்மா கிடக்கிறது. பலகைக்கு மேல் தூக்கி வைத்துவிட்டு மறந்துவிட்டேன். இரண்டு நாளில் உப்புத் தண்ணீர் பொங்கிப் பலகைக்கு மேலே வந்து குண்டை மூடிவிட்டது. பேத்தி கட்டிலுக்கு அடியில், கிணற்றடியில், ஆட்டுக் கொட்டிலில் எல்லாம் தேடினாள். கடைசியில் அவள் அதைப் பீப்பாவுக்குள்ளிருந்து இரண்டு கையாலும் தூக்கி எடுத்தபோது, அது சிவந்து, செதில் ஒட்டி, நாற்றத்தோடு வெளியே வந்தது. இரும்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, முழங்கை வரைக்கும் உப்புத் தண்ணீர் வடிய அவள் நின்ற அந்த நிலையில்தான் எனக்கு அந்தப் பெயர் வந்தது.

நீ கேட்கிற பெயர் அதுதான். நான் தேடவில்லை, தானாக வந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு பெயர் வந்ததில்லை. அடிச்சட்டியெல்லாம் அதற்குப் பக்கத்தில் வர முடியாது. கேட்டவன் ஒரு தரத்தில் பிடித்துக்கொள்வான், சாகும் வரை மறக்க மாட்டான். நான் பின்பக்கம் போய்க் கோழிக் கூட்டடியில் நின்றேன். கோழிகளுக்குக்கூடச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது அவள் கிணற்றடியில் இருந்து மணலும் தேங்காய்ப் பொச்சுமட்டையும் போட்டுக் குண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சொல்லவில்லை. அவள் "வீட்டுல வேற கல்லு இல்லயா உம்மும்மா?" என்று மட்டும் கேட்டாள். துரு போகவில்லை, நாற்றமும் ஒரு மாதம் போகவில்லை. ஆனால் மறுநாளும் எறிந்தாள்.

முற்றத்து மணலில் கயிற்றைச் சுற்றி ஒரு வட்டம் கீறி வைத்திருந்தாள். விழுகிற இடங்களுக்கு ஈர்க்கு குத்துவாள். நான் குசினி யன்னலால் பார்ப்பேன். வேறென்ன செய்ய, வாய்தான் பூட்டு, கண்ணுக்குப் பூட்டில்லையே. தெருவில் ஒருத்தி, பெரிய பிள்ளை, நீளக் காற்சட்டை போட்டாலும் மைதானத்தில் ஆட்கள் பார்க்க எறிவதா என்று இழுத்தாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். அவளுக்கு ஏற்கனவே நான் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. இரண்டாவது வேண்டாம் என்று உள்ளே போய்விட்டாள்.

வலய மட்டப் போட்டி புத்தளம் மைதானத்தில் நடந்தது. நீங்கள் வர வேண்டாம் என்று பேத்தி நேராகவே சொல்லிவிட்டாள். வரவில்லை என்றேன். தெருவில் பிரஷர் கிளினிக்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ் ஏறினேன். என் வாயை நானே நம்பவில்லை. அதனால் காகிதத்தில் சுற்றிய ஒரு சரை வெற்றிலை கொண்டுபோய், மைதானத்து வேலியோரம் நின்று வாய் நிறையத் திணித்துக்கொண்டேன். பேச வேண்டுமானால் முதலில் துப்ப வேண்டும். துப்புகிற நேரத்தில் புத்தி வந்துவிடும் என்று ஒரு கணக்கு. கச்சான் மண்ணை வாரி அடித்தது. சுற்றி நின்ற தாய்மார் எல்லாம் தங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். நான் மட்டும் மாடு மாதிரி அசை போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

முதல் எறி செல்லாது என்று சிவப்புக் கொடி காட்டினார்கள். இரண்டாவதற்கும் சிவப்பு. ஆளுக்கு மூன்றுதான். அவள் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினாள். அப்போது என்னைக் கண்டாள். முகம் செத்துப்போனது. நேரே வேலிக்கு நடந்து வந்தாள்.

"சொல்லுங்க. வந்தது அதுக்குத்தானே. இப்பவே சொல்லிட்டா நான் போய் டீச்சரிட்டச் சொல்லிட்டு வந்திருவன், சேர்ந்து வீட்ட போகலாம்."

வாயில் வெற்றிலை. துப்பினேன். துப்பி நிமிர்ந்தபோது அந்தப் பெயர் நாக்கின் நுனியில் வந்து நின்றது. பொய் சொல்ல மாட்டேன், நின்றது. அதற்குப் பின்னால் வேறொன்றும் நின்றது. இரண்டு மாதமாக யன்னலால் பார்த்தது. முற்றத்தில் கீறிய வட்டத்தின் முன்பக்கக் கோடு மட்டும் ஒவ்வொரு நாளும் அழிந்து கிடக்கும். குண்டு கையை விட்டதும், அது எங்கே விழுகிறது என்று பார்க்கிற ஆசையில் இவள் முன்னால் ஓடிக் கோட்டைத் தாண்டிவிடுவாள்; தாண்டினால் சிவப்புக் கொடி. ஆட்களுக்குப் பெயர் வைக்கிற கண் வேறென்ன கண்? எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்க்கிற கண்தானே. அதைக் கொண்டு இப்படியும் ஒரு வேலை பார்க்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"குண்டு விழ முன்னமே பாக்கப் போறாய் புள்ள" என்றேன். "அது எங்கயும் ஓடாது, விழுந்த இடத்துல கிடக்கும். நீ காலைப் பார்."

அவள் இன்னும் நின்றாள். "வேற ஒண்டும் இல்லயா?"

"இல்ல."

வரவில்லை என்றதை விட்டால், நான் அவளுக்குச் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மூன்றாவது தரம் எறிந்துவிட்டுத் தலையைக் குனிந்து காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். குண்டு விழுந்த சத்தம் கேட்டது, நிமிரவில்லை. எல்லோரும் கத்தினார்கள், நிமிரவில்லை. எறி சரி என்று வெள்ளைக் கொடி காட்டிய பிறகும், டீச்சர் போய் வெளியே வரச் சொல்லும் வரைக்கும் அப்படியே நின்றாள். நாலாவது இடம். நாலாவதுக்கு மெடலும் இல்லை, மேடையும் இல்லை. வேலியோரம் வந்து எனக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, போத்தல் தண்ணீரை முழுக்கக் குடித்து முடித்துவிட்டு, நாளைக் காலையில் டீச்சர் பிராக்டிஸுக்கு வரச் சொன்னார், ஆறு மணி பஸ்ஸுக்கு எழுப்பிவிடுங்கள் என்றாள். அவ்வளவுதான். எனக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது என் தோளில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். நான் நேரே பார்த்துக்கொண்டு வந்தேன், எவருடைய நடையையும் பார்க்கவில்லை.

இப்போது அவள் பெரிய வகுப்பு. வயது கூடினால் குண்டின் பாரமும் கூடுமாம். இது அவளுக்கு உதவாது. துருப் பிடித்ததைப் பள்ளிக்கூடம் கழித்துவிட, டீச்சர் அவளிடமே கொடுத்துவிட்டார். கதவுக்கு வைத்தேன். அவள் இன்னும் முதலாவதாக வரவில்லை, இன்னும் விடவும் இல்லை. மகள் வெள்ளிக்கிழமை போன் எடுத்தால் எத்தனை மீட்டர் என்று கேட்கிறாள். நான் மகளை இப்போது அவளுடைய சொந்தப் பெயரால் கூப்பிடுகிறேன். முதல் தரம் கூப்பிட்டபோது, யாரை உம்மா என்று கேட்டாள்.

போட்டி நடந்த அன்று பின்னேரம் தெருவில் என்ன நடந்தது என்றுதானே கேட்கிறாய். நாங்கள் பஸ்ஸால் இறங்கி வரும்போதே தெருவில் எல்லோரும் கூடிவிட்டார்கள். கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு கேட்டாள். வாயைக் கட்டச் சொன்னார்கள் என்றேன். பேத்தி உள்ளே போனாள். காற்று கதவைத் தள்ளியது, அவள் பூட்டாமல் கையால் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். கதவுக்குக் கீழே நிலத்தில் அவள் கால் தெரிந்தது. நாலாவதாக வந்தவளுக்கு என்ன பெயர் ராத்தா என்று கேட்டார்கள். சிரிக்கத் தயாராகி ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை என்றேன். நம்பவில்லை. ஒருத்தி எழுந்து வந்து எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு அவர்களுக்குச் சொன்னேன்:

"இருக்கு. நல்ல பேர் ஒண்டு இருக்கு. இதுவரைக்கும் நான் வச்ச எல்லாத்தையும் விட நல்லது. அது என்னோட கபுறுக் குழிக்குள்ள வாற சாமான். நீங்க அவள அவட வாப்பா வச்ச பேரால கூப்பிடுங்க."